இயங்குதளக் கருனியில் வழு கண்டறிதல்

இயங்குதளக் கருனியில் வழு கண்டறிதல் என்பது, ஒரு கணினியின் இயங்குதளக் கருனி பிழையாக நடந்துகொள்ளும்போது அப்பிழையின் மூலகாரணம் எங்கு உள்ளது என்பதைப் படிப்படியாகத் தேடி உறுதிசெய்யும் செயல்முறை ஆகும். வழு கருனியின் சொந்த நிரலில் இருக்கலாம்; வன்பொருளை இயக்கும் சாதன இயக்கியில் இருக்கலாம்; மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பியில் இருக்கலாம்; வன்பொருளிலேயே இருக்கலாம். இந்நான்கில் எது தவறினாலும் வெளியில் தெரியும் அறிகுறிகள் ஏறத்தாழ ஒன்றே: கணினி உறைந்து நிற்கும், தானே மீளத் தொடங்கும், அல்லது தரவுகள் எவ்வித எச்சரிக்கையும் இன்றிச் சிதையும். எனவே அறிகுறி தோன்றும் இடத்தையும் வழு இருக்கும் இடத்தையும் வேறுபடுத்தி அறிவதே இச்செயல்முறையின் மையச் சிக்கல் ஆகும்.

மூலகாரணம் தவறாகக் கணிக்கப்பட்டால் விளைவுகள் கடுமையாக இருக்கும். குற்றமற்ற இயக்கி ஒன்று முடக்கப்படலாம். உண்மையான வழு நிரலில் தங்கிப் பின்னர் பாதுகாப்புக் குறைபாடாக வெளிப்படலாம். வன்பொருள் பயன்படாமற் போகலாம். லினக்ஸ் கருனியின் மூலநிரலும் அதன் மாற்ற வரலாறும் எவரும் காணத் திறந்திருப்பதால், இக்கட்டுரையில் வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அதிலிருந்தே எடுக்கப்பட்டுள்ளன.

கருனியின் தனித்தன்மை

கெர்னல் எனவும் அழைக்கப்படும் கருனி, இயங்குதளத்தின் மையப் பகுதி ஆகும். நினைவகத்தைப் பங்கிடுதல், எந்தப் பணி எப்போது செயலியைப் பயன்படுத்தலாம் எனத் தீர்மானித்தல், கோப்பு முறைமைகளையும் வலையமைப்பையும் இயக்குதல் ஆகியன இதன் பணிகள்.

ஓர் உரைத்தொகுப்பி அல்லது உலாவி போன்ற பயனர் நிரல் தனக்கு உரிமையற்ற நினைவகத்தைத் தொட முயன்றால், செயலி அதனைக் கருனிக்கு அறிவிக்கும். கருனி அந்நிரலை மட்டும் நிறுத்திவிடும். பிற நிரல்கள் தொடர்ந்து இயங்கும். ஆனால் கருனியே தவறும்போது அதனைத் தடுத்து நிறுத்த அதற்கு மேல் வேறொரு காவலன் இல்லை.

லினக்ஸ் ஒற்றைக்கல் வகைக் கருனி ஆகும். இவ்வகையில் சாதன இயக்கிகள் அனைத்தும் கருனியின் அதே நினைவகவெளியில், அதே உயர் உரிமையோடு இயங்குகின்றன. ஆகவே ஒலி அட்டையின் இயக்கியில் உள்ள ஒரு வழு, கோப்பு முறைமைக்குரிய நினைவகத்தில் எழுதிவிட இயலும். அப்போது முறிவது கோப்பு முறைமை. தவறு ஒலி இயக்கியினுடையது. இதற்கு மாறாக, மினிக்ஸ் 3, கியூஎன்எக்ஸ் போன்ற நுண்கருனி இயங்குதளங்களில் இயக்கிகள் தனித்தனிச் செயல்முறைகளாக இயங்குவதால் இத்தகைய பரவல் பெரிதும் குறைகின்றது.

கருனியில் வழு தேடுவோர்க்கு மேலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. பிழைச்செய்தியை வன்தட்டில் எழுதுவதும், திரையில் காட்டுவதும், வலையமைப்பின் வழியே அனுப்புவதும் கருனியின் பணிகளே. பழுதடைந்த கருனி தன் பழுதைப் பற்றித் தானே சாட்சி சொல்ல வேண்டியுள்ளது.

வழுக்களின் தோற்றுவாய்கள்

சாதன இயக்கிகள்

கருனி வழுக்களில் பெரும்பங்கு சாதன இயக்கிகளில் காணப்படுகின்றது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001 ஆம் ஆண்டில் லினக்ஸ் கருனியின் பல பதிப்புகளைத் தானியங்குப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தி, இயக்கிகளின் வழு வீதம் கருனியின் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் 3 முதல் 7 மடங்கு வரை மிகுதியாக உள்ளதெனக் கண்டனர். விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தில் பதிவான செயலிழப்புகளில் 85 விழுக்காடு இயக்கிகளால் விளைந்தவை என 2003 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுக்கட்டுரை குறிப்பிட்டது.

இதற்கான காரணங்கள் பின்வருமாறு:

1. ஓர் இயக்கியைச் சோதிக்க அதற்குரிய வன்பொருள் தேவை. கருனியின் மையப் பகுதி எல்லாக் கணினிகளிலும் ஒவ்வொரு நொடியும் இயங்குகின்றது. அரிய சாதனம் ஒன்றின் இயக்கியோ சில கணினிகளில் மட்டுமே இயங்குகின்றது.
2. வன்பொருள் கையேடுகள் முழுமையாக இருப்பதில்லை. சில வேளைகளில் சாதனம் தன் கையேட்டுக்கு மாறாக நடந்துகொள்ளும்.
3. சாதனம் எந்த நேரத்திலும் குறுக்கீடு அனுப்பலாம். குறுக்கீடு என்பது, செயலி செய்துகொண்டிருக்கும் பணியை இடைநிறுத்தித் தன்னைக் கவனிக்குமாறு சாதனம் விடுக்கும் அழைப்பு ஆகும். ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் மாற்ற முனையும் போட்டிநிலை இதனால் எளிதில் உருவாகின்றது.
4. நேரடி நினைவக அணுகல் வசதியுள்ள சாதனங்கள், செயலியின் துணையின்றித் தாமே நினைவகத்தில் எழுதவல்லவை. இயக்கி தவறான முகவரியைக் கொடுத்தால், சாதனம் அங்கு குறைகூறாமல் எழுதிவிடும்.
5. பயன்பாட்டில் இருக்கும்போதே சாதனம் பிடுங்கப்படுதல், நினைவகம் தீர்ந்துபோதல் போன்ற பிழைநிலைகளைக் கையாளும் நிரல்வரிகள் அரிதாகவே இயங்குகின்றன. அரிதாக இயங்குவது அரிதாகவே சோதிக்கப்படுகின்றது.

தொகுப்பிகள்

கம்பைலர் எனவும் வழங்கப்படும் தொகுப்பி, சி போன்ற உயர்நிலை மொழியில் எழுதப்பட்ட நிரலைச் செயலிக்குரிய ஆணைகளாக மாற்றுகின்றது. இக்காலத் தொகுப்பிகள் வரிக்கு வரி மொழிபெயர்ப்பதோடு நிற்பதில்லை. உகப்பாக்கம் என்னும் படிநிலையில் ஆணைகளின் வரிசையை மாற்றும். தேவையற்றவை எனக் கருதுபவற்றை நீக்கும். மாறிகளைச் செயலியின் பதிவகங்களிலேயே வைத்துக்கொள்ளும். நிரலின் இறுதி விளைவு மாறாதவரை இவை அனைத்தும் ஏற்புடையனவே.

இங்கு இருவகைச் சிக்கல்கள் எழுகின்றன. முதலாவது, தொகுப்பியின் உண்மையான வழு: சரியான மூலநிரலுக்குத் தவறான இயந்திர ஆணைகளை அது உருவாக்குகின்றது. இரண்டாவது, மூலநிரலில் ஒளிந்திருக்கும் வழுவைத் தொகுப்பி வெளிக்கொணர்தல். சி மொழியின் சீர்தரம் சில செயல்களை வரையறுக்கப்படாத நடத்தை என ஒதுக்கியுள்ளது. வெற்றுச் சுட்டின் வழியே நினைவகத்தை அணுகுதல், குறியுடை முழு எண்ணைக் கொள்ளளவுக்கு மேல் பெருக்குதல் ஆகியன இவற்றுட் சில. சரியான நிரலில் இவை ஒருபோதும் நிகழா எனத் தொகுப்பி கருதிக்கொள்ளச் சீர்தரம் இடமளிக்கின்றது. ஆண்டுக்கணக்கில் சிக்கலின்றி இயங்கிய நிரல், தொகுப்பியின் புதிய பதிப்பில் முறிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இயக்கியும் தொகுப்பியும் நேரடியாக மோதும் இடமும் உண்டு. ஒரு சாதனம் ஆயத்தமாகும்வரை அதன் நிலைப் பதிவகத்தை இயக்கி திரும்பத் திரும்பப் படிப்பதாகக் கொள்வோம். இதனைச் சாதாரண நினைவகமாகத் தொகுப்பி கருதினால், மதிப்பை ஒரேயொரு முறை படித்துவிட்டு முடிவில்லாச் சுழலில் சிக்கிவிடும். இதனைத் தவிர்க்கவே சி மொழியில் வாலட்டைல் என்னும் குறிச்சொல் உள்ளது. இதனைக் கொண்ட மாறியை ஒவ்வொரு முறையும் உண்மையாகவே அணுக வேண்டும். ஆனால் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008 ஆம் ஆண்டில் 13 தொகுப்பிகளைச் சோதித்தபோது, ஒவ்வொன்றிலும் இக்குறிச்சொல் தவறாகக் கையாளப்படும் சூழல்களைக் கண்டனர்.

வன்பொருள்

பழுதடைந்த நினைவகச் சில்லும், மிகையாகச் சூடேறும் செயலியும் மென்பொருள் வழுவைப் போலவே தோற்றமளிக்கும். ஒரே மூலநிரலைத் தொகுக்கும்போது தொகுப்பி ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் முறிந்தால் முதலில் நினைவகத்தையே ஐயுற வேண்டும். மென்பொருள் ஒரே உள்ளீட்டுக்கு ஒரே வகையில் தவறும் இயல்புடையது. ஒரு முகவரி, இருக்க வேண்டிய மதிப்பிலிருந்து ஒரேயொரு பிட்டில் மட்டும் மாறுபட்டிருப்பதும் வன்பொருட் பழுதின் குறியாக இருக்கக்கூடும்.

தேடும் முறைகள்

பிழைச்செய்தியைப் படித்தல்

லினக்ஸ் கருனி தன்னுள் பிழையை உணரும்போது ஊப்ஸ் எனப்படும் செய்தியை வெளியிடும். பிழை நிகழ்ந்தபோது செயலியின் பதிவகங்களில் இருந்த மதிப்புகள், இயங்கிக்கொண்டிருந்த ஆணைகள், எந்தச் செயற்கூறு எதனை அழைத்தது என்னும் அழைப்புத் தடம் ஆகியன இதில் இடம்பெறும்.

பயிற்சி பெற்றவருக்கு இம்மதிப்புகள் பல செய்திகளைச் சொல்லும். அணுக முயன்ற முகவரி சுழியத்திற்கு மிக அருகில் இருந்தால், வெற்றுச் சுட்டு ஒன்றின் வழியே ஒரு கட்டமைப்பின் உறுப்பைப் படிக்க முயன்றுள்ளனர் என ஊகிக்கலாம். சோதனைத் தெரிவுகள் இயக்கப்பட்ட கருனி, விடுவிக்கப்பட்ட நினைவகத்தின் பைட்டுகளைப் பதினறும எண்முறையில் 6பி என்னும் மதிப்பால் நிரப்பிவைக்கும். பதிவகம் ஒன்றில் இம்மதிப்பு அடுத்தடுத்துத் தென்பட்டால், விடுவித்த பின்னரும் யாரோ அந்நினைவகத்தைப் பயன்படுத்தியுள்ளனர் என்பது தெளிவாகும்.

மூலநிரல் வெளியிடப்படாத இயக்கி ஏதேனும் ஏற்றப்பட்டிருந்தால், கருனி கறைபட்டது என்னும் குறிப்பும் செய்தியில் இடம்பெறும். காணக்கிடைக்காத நிரல் ஒன்று அதே நினைவகவெளியில் இயங்கியிருக்கும்போது, கருனி உருவாக்குநர்கள் எதனையும் உறுதியாகக் கூற இயலாது.

வழுவை மீளத் தோற்றுவித்தல்

ஒரு முறை மட்டும் தோன்றி மறையும் வழுவை ஆராய்வது கடினம். எனவே வழு தோன்றும் சூழலைச் சுருக்கி, அதனை வேண்டும்போது வரவழைக்கும் வழியைக் காண்பது முதன்மையான படியாகும். இயன்றவிடத்துக் கருனியை மெய்நிகர் இயந்திரத்தில் இயக்கிச் சோதிப்பர். சில வழுக்கள், அவற்றை நோக்குவதற்காக ஒரு அச்சிடும் வரியைச் சேர்த்தவுடன் மறைந்துவிடும். அவ்வரி எடுத்துக்கொள்ளும் நேரமே போட்டிநிலையைக் கலைத்துவிடுவது இதற்குக் காரணம். இயற்பியலாளர் வெர்னர் ஐசன்பர்க்கின் பெயரைத் தழுவி இவற்றை ஐசன்பக் என நிரலாளர்கள் அழைப்பர்.

இருகூறிட்டுத் தேடல்

முந்தைய பதிப்பு சரியாக இயங்கி, புதிய பதிப்பு தவறினால், இடைப்பட்ட மாற்றங்களுள் ஒன்றே வழுவைக் கொணர்ந்தது அல்லது வெளிப்படுத்தியது எனலாம். இடையில் 10,000 மாற்றங்கள் இருப்பினும் அனைத்தையும் சோதிக்க வேண்டியதில்லை. நடுவிலுள்ள பதிப்பைத் தொகுத்துச் சோதித்தால் எந்தப் பாதியில் வழு உள்ளது எனத் தெரியும். அப்பாதியை மீண்டும் இரண்டாகப் பிரிக்கலாம். இவ்வாறு ஏறத்தாழ 14 சோதனைகளில் ஒரு மாற்றம் மட்டும் எஞ்சும். 2005 ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட் என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவி இத்தேடலைத் தானாகவே வழிநடத்துகின்றது. நிரலாக்கம் அறியாத பயனரும் பொறுமையிருந்தால் இதனைச் செய்ய இயலும் என்பது இதன் சிறப்பு.

தொகுப்பியைப் பிரித்தறிதல்

தொகுப்பியின்மீது ஐயம் எழும்போது பின்வரும் படிகள் கையாளப்படுகின்றன:

1. உகப்பாக்க அளவைக் குறைத்துத் தொகுத்தல். வேறு பதிப்பாலோ, ஜிசிசிக்கு மாற்றாகக் கிளாங் போன்ற வேறு தொகுப்பியாலோ தொகுத்தல். வழு மறைந்தால் ஐயம் வலுப்படும். ஆயினும் இது மட்டும் சான்றாகாது. மூலநிரலின் வழுவும் இவ்வாறே மறையக்கூடும்.
2. கருனியின் பாதிக் கோப்புகளைப் பழைய தொகுப்பியாலும் மறுபாதியைப் புதிய தொகுப்பியாலும் தொகுத்து இணைத்தல். இங்கும் இருகூறிட்டுத் தேடியே ஒரு கோப்பையும், அதனுள் ஒரு செயற்கூறையும் அடையலாம்.
3. அச்செயற்கூறுக்கு இரு தொகுப்பிகளும் உருவாக்கிய அசெம்பிளி மொழி ஆணைகளை ஒப்பிடுதல்.
4. வழுவைக் காட்டும் மிகச் சிறிய நிரலாக அதனைச் சுருக்கித் தொகுப்பி உருவாக்குநர்களுக்கு அனுப்புதல்.

மூன்றாம் படியில், உருவான ஆணைகள் மூலநிரலின் பொருளுக்கு முரணானவை எனச் சீர்தரத்தைக்கொண்டு நிறுவினால் மட்டுமே அது தொகுப்பியின் வழு ஆகும்.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

இ1000இ வலையமைப்பு அட்டைகள், 2008

2008 ஆம் ஆண்டு செப்டம்பரில், லினக்ஸ் 2.6.27 பதிப்பின் வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்புகளைப் பயன்படுத்தியோரின் இன்டெல் கிகாபிட் ஈதர்நெட் இணைப்புகள் செயலிழந்தன. மீளத் தொடங்கியும் அவை சரியாகவில்லை. அவற்றின் அமைப்புத் தகவல்களைத் தாங்கும் அழியா நினைவகமே சிதைந்திருந்தது. அட்டைகள் அனைத்தும் இ1000இ என்னும் ஒரே இயக்கியால் இயங்கியவை என்பதால் ஐயம் முதலில் அவ்வியக்கியின்மீதே விழுந்தது. வரைகலைச் சேவையகமும் ஐயத்துக்கு உள்ளானது. லினக்ஸ் வழங்கல் உருவாக்குநர்கள் சிலர் இயக்கியைத் தற்காலிகமாக முடக்கினர். ஒவ்வொரு சோதனையும் ஓர் அட்டையைப் பழுதாக்கக்கூடும் என்பதால், இருகூறிட்டுத் தேடலும் இங்கு விலைமிக்கதாயிற்று.

உண்மையான காரணம் அக்டோபரில் கண்டறியப்பட்டது. 2.6.27 பதிப்பில் புதிதாகச் சேர்ந்த எஃப்டிரேஸ் என்னும் தடமறியும் வசதியே அது. இவ்வசதி, செயற்கூறுகளின் தொடக்கத்தில் உள்ள ஓர் அழைப்பின் முகவரியைக் குறித்துவைத்துக்கொண்டு, பின்னர் அவ்விடத்தில் வெற்று ஆணையை எழுதும். ஆனால் கருனிக் கூறுகளின் தொடக்கநிலைச் செயற்கூறுகள் தம் பணி முடிந்ததும் நினைவகத்திலிருந்து நீக்கப்படுகின்றன. அவ்வாறு காலியான முகவரிகள், இ1000இ சாதனத்தின் ஃபிளாஷ் நினைவகத்தை அணுகும் வாயிலாக ஒதுக்கப்பட்டபோது, எஃப்டிரேஸ் பழைய குறிப்பை நம்பி அங்கு எழுத முயன்றது.

எழுதுமுன் அங்குள்ள மதிப்பு எதிர்பார்த்ததுதானா என ஒப்பிடும் பாதுகாப்பும் அதில் இருந்தது. ஆனால் அதற்குப் பயன்பட்ட ஒப்பிட்டு மாற்றும் ஆணை, ஒப்பீடு தோல்வியுற்றாலும் படித்த மதிப்பையே திரும்ப எழுதும் இயல்புடையது. சாதாரண நினைவகத்தில் இதனால் கேடில்லை. சாதனப் பதிவகத்தில் எழுதுதல் என்பதோ ஒரு கட்டளையாகும். 2.6.27.1 பதிப்பில் இவ்வசதி முடக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து, முகவரிகளைத் தொகுக்கும்போதே குறித்துக்கொள்ளும் முறைக்கு எஃப்டிரேஸ் மாற்றப்பட்டது. இயக்கியிலும் அழியா நினைவகத்தைக் காக்கும் திருத்தம் சேர்க்கப்பட்டது.

திசைக்கொடி, 2008

எக்ஸ்86 செயலிகளில் நினைவகத் தொகுதிகளை நகலெடுக்கும் ஆணைகள் முன்னோக்கிச் செல்வதா பின்னோக்கிச் செல்வதா என்பதைத் திசைக்கொடி என்னும் ஒரு பிட் தீர்மானிக்கின்றது. ஒவ்வொரு செயற்கூறும் தொடங்கும்போது அது முன்னோக்கிய நிலையில் இருக்க வேண்டும் என்பது இரும இடைமுகத்தின் விதி. முந்தைய ஜிசிசி பதிப்புகள் விதியை நம்பாமல், தேவைப்படும் ஒவ்வோர் இடத்திலும் கொடியைத் தாமே சரிசெய்துகொண்டன. 2008 மார்ச்சில் வெளியான ஜிசிசி 4.3, விதியை நம்பி அந்த ஆணையைக் கைவிட்டது.

அப்போதுதான் லினக்ஸ் உள்ளிட்ட சில கருனிகள் அவ்விதியைப் பின்பற்றவில்லை என்பது தெரியவந்தது. ஒரு நிரல் பின்னோக்கி நகலெடுக்கும் வேளையில் சமிக்ஞை வந்தால், கொடியைச் சரிசெய்யாமலேயே கருனி சமிக்ஞைக் கையாளியை அழைத்தது. கையாளி நினைவகத்தைத் தவறான திசையில் நிரப்பியது. தொகுப்பியை மாற்றியதும் தோன்றிய சிக்கல் எனினும், தவறு கருனியினுடையது. கருனி திருத்தப்பட்டது. பழைய கருனிகளிலும் நிரல்கள் பாதுகாப்பாக இயங்குவதற்கென, கொடியைச் சரிசெய்யும் ஆணையை மீண்டும் சேர்க்கும் தெரிவு ஜிசிசியில் இடம்பெற்றது.

டன் இயக்கி, 2009

டன் என்பது மெய்நிகர் வலையமைப்பு இணைப்புகளுக்கான இயக்கி ஆகும். லினக்ஸ் 2.6.30 பதிப்பில் இதன் ஒரு செயற்கூறு பின்வரும் வரிசையில் அமைந்திருந்தது:

1. டன் சுட்டு காட்டும் கட்டமைப்பிலிருந்து சாக்கெட்டின் முகவரியை எடு.
2. டன் சுட்டு வெற்றாக இருந்தால் பிழை எனத் திரும்பு.
3. எடுத்த முகவரியைக்கொண்டு தொடர்.

சோதனை செய்ய வேண்டிய இடத்துக்கு முன்பே சுட்டு பயன்படுத்தப்பட்டுவிட்டது. வெற்றுச் சுட்டின் வழியே அணுகுதல் வரையறுக்கப்படாத நடத்தை ஆதலால், முதல் வரி நிறைவேறியபின் சுட்டு வெற்றாக இருக்க இயலாது எனத் தொகுப்பி முடிவுசெய்து இரண்டாம் வரியை முற்றாக நீக்கிவிட்டது. மூலநிரலில் கண்ணுக்குத் தெரிந்த பாதுகாப்பு, இயங்கும் கருனியில் இல்லை.

பொதுவாக இத்தகைய அணுகல் கருனியை முறிவுறச் செய்வதோடு நின்றிருக்கும். ஆனால் தாக்குவோர் நினைவகத்தின் சுழிய முகவரியில் தமக்கு வேண்டிய தரவுகளை முன்கூட்டியே வைக்க வழி கண்டால், கருனி அவற்றையே உண்மையான கட்டமைப்பாகக் கருதித் தொடரும். இதன்வழி முழுக் கட்டுப்பாட்டையும் கைப்பற்றும் நிரல் 2009 சூலையில் பொதுவெளியில் வெளியிடப்பட்டது. செயற்கூறின் வரிசை திருத்தப்பட்டதோடு, வெற்றுச் சுட்டுச் சோதனைகளை நீக்கக்கூடாது எனத் தொகுப்பிக்குக் கட்டளையிடும் தெரிவும் கருனியின் தொகுப்பு அமைப்பில் சேர்க்கப்பட்டது. இங்குச் சீர்தரத்தின்படி தொகுப்பி தவறு செய்யவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பணிப்பகிர்வு நிரல், 2014

2014 ஆம் ஆண்டு சூலையில், லினக்ஸ் கருனியின் பணிப்பகிர்வு நிரலில் விளக்கமுடியாத முறிவுகள் தோன்றுவதாகச் சிலர் அறிவித்தனர். முறிவுகள் எப்போது நிகழும் என முன்கூற இயலவில்லை. பிழைச்செய்திகளையும், செயலிகளிடையே சுமையைச் சமன்செய்யும் செயற்கூறுக்குத் தொகுப்பி உருவாக்கிய ஆணைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது காரணம் புலப்பட்டது.

செயற்கூறு ஒவ்வொன்றும் தன் தற்காலிக மதிப்புகளை அடுக்கு என்னும் நினைவகப் பகுதியில் வைக்கின்றது. அதற்குமுன் அடுக்குச் சுட்டை நகர்த்தித் தனக்குரிய இடத்தை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். ஒதுக்கப்படாத இடத்தை, இடையில் வரும் குறுக்கீடு எவ்விதத் தடையுமின்றிப் பயன்படுத்திக்கொள்ளும். ஜிசிசி 4.9.0 உருவாக்கிய ஆணைகளில், ஒரு மதிப்பை அடுக்கில் எழுதும் ஆணை, இடத்தை ஒதுக்கும் ஆணைக்கு முன்னதாக வந்துவிட்டது. அவ்விரு ஆணைகளுக்கும் இடைப்பட்ட மிகச் சிறு பொழுதில் குறுக்கீடு வந்தால் மட்டுமே மதிப்பு அழியும். முறிவுகள் ஒழுங்கின்றித் தோன்றியதற்கு இதுவே காரணம்.

இம்முறை வழு தொகுப்பியினுடையதே. வழு தேடுவோருக்கு உதவும் வழுநீக்கத் தகவல்களை உருவாக்கும்போதே இது தோன்றியது. அத்தகவல்கள் ஆணைகளை மாற்றக்கூடாது என்பது விதி. இவ்வழு ஜிசிசி 4.5 முதலே இருந்துவந்ததாகவும், உகப்பாக்கத்தில் ஏற்பட்ட சிறு மாற்றங்களால் 4.9.0, 4.9.1 பதிப்புகளில் வெளிப்பட்டதாகவும் கருதப்பட்டது. தொகுப்பி திருத்தப்பட்டது, பழைய தொகுப்பிகளைப் பயன்படுத்துவோருக்காக, வழுவைத் தூண்டும் பகுதியை முடக்கும் தெரிவு கருனியில் சேர்க்கப்பட்டது. 2020 ஆம் ஆண்டில் அத்தெரிவு பழைய ஜிசிசி பதிப்புகளுக்கு மட்டும் என வரையறுக்கப்பட்டது.

கருவிகள்

தொடக்கத்தில் அச்சிடும் வரிகளும் பொறுமையுமே வழு தேடுவோரின் முதன்மைக் கருவிகளாக இருந்தன. பின்னர்ப் பல தானியங்குக் கருவிகள் உருவாயின.

கேடம்ப்: 2005 ஆம் ஆண்டில் லினக்ஸில் சேர்க்கப்பட்டது. முதன்மைக் கருனி முறிந்தவுடன், முன்னரே ஒதுக்கிவைத்த நினைவகத்தில் இரண்டாம் கருனி ஒன்று தொடங்கி, முறிந்த கருனியின் நினைவகத்தைப் படியெடுக்கின்றது. பழுதடைந்தவரே சாட்சி சொல்ல வேண்டிய நிலையை இது நீக்குகின்றது.

லாக்டெப்: 2006 ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. பூட்டுகள் எவ்வரிசையில் எடுக்கப்படுகின்றன எனக் கவனித்து, இரு பணிகள் ஒன்றையொன்று எதிர்நோக்கி நின்றுவிடும் முட்டுநிலை உண்மையில் நிகழுமுன்னரே எச்சரிக்கின்றது.

கேசான்: 2015 ஆம் ஆண்டில் லினக்ஸ் 4.0 பதிப்பில் சேர்க்கப்பட்டது. நினைவகத்தின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட்டு நிழல் நினைவகத்தை வைத்து, ஒவ்வோர் அணுகலும் முறையானதா எனச் சோதிக்கின்றது. இதனால் வழு தன் விளைவு தோன்றும் இடத்தில் அன்றி, நிகழும் இடத்திலேயே பிடிபடுகின்றது. இச்சோதனை ஆணைகளைச் சேர்ப்பது தொகுப்பியே.

சிஸ்காலர்: கூகிள் நிறுவனத்தினர் உருவாக்கிய கருவி. கருனிக்குத் தாறுமாறான அழைப்புகளை இடைவிடாது விடுத்து வழுக்களை வெளிக்கொணர்கின்றது. இதனடிப்படையில் இயங்கும் சிஸ்பாட் என்னும் தானியங்கி 2017 முதல் வழு அறிக்கைகளை உருவாக்குநர்களுக்கு அனுப்பிவருகின்றது.

சிஸ்மித்: யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவான இக்கருவி, வரையறுக்கப்படாத நடத்தை அற்ற சி நிரல்களைத் தானாக ஆக்கி, பல தொகுப்பிகள் தரும் விடைகளை ஒப்பிடுகின்றது. விடைகள் மாறுபட்டால் ஏதோ ஒரு தொகுப்பி தவறியுள்ளது. 2011 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுக்கட்டுரையின்படி, அதுவரை அறியப்படாத 325க்கும் மேற்பட்ட வழுக்கள் இதன்வழி கண்டறியப்பட்டன.

விண்டோஸ் இயங்குதளத்தில், இயக்கிகளைக் கடுஞ்சூழலில் வைத்துச் சோதிக்கும் டிரைவர் வெரிஃபையர் என்னும் கருவி விண்டோஸ் 2000 முதல் உள்ளது. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் ஸ்லாம் திட்டத்திலிருந்து, இயக்கியை இயக்காமலேயே அதன் நிரலைத் தருக்க முறையில் சரிபார்க்கும் கருவியும் உருவானது. நினைவகப் பிழைகளைத் தொகுக்கும் நேரத்திலேயே தடுக்கும் ரஸ்ட் மொழிக்கான அடிப்படை ஆதரவு, 2022 திசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

பொறுப்பைத் தீர்மானித்தல்

மேற்கண்ட நான்கு நிகழ்வுகளையும் ஒப்பிடுகையில் ஓர் ஒற்றுமை காணப்படுகின்றது. முதல் நிகழ்வில் இயக்கி ஐயுறப்பட்டது. தவறு கருனியின் வேறொரு பகுதியினுடையது. இரண்டாவதில் தொகுப்பி மாறியதும் சிக்கல் தோன்றியது; தவறு கருனியினுடையது. மூன்றாவதில் பாதுகாப்பு வரியை நீக்கியது தொகுப்பி. தவறு இயக்கியை எழுதியவருடையது. நான்காவதில் முறிந்தது பணிப்பகிர்வு நிரல், தவறு தொகுப்பியினுடையது. ஒவ்வொன்றிலும் முதலில் புலப்பட்ட இடம் வேறு, மூலகாரணம் இருந்த இடம் வேறு.

ஆகவே தொகுப்பியையோ வன்பொருளையோ குறைகூறுமுன் சொந்த நிரலை ஐயுறுவது நிரலாளரிடையே நிலவும் மரபு. தொகுப்பி வழுக்கள் மெய்யாகவே உள்ளன; எனினும் தொகுப்பியின்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டுகளோடு ஒப்பிட்டால் அவை அரியவை. குற்றச்சாட்டு எதுவாயினும் அது ஆணை நிலையில் காட்டப்பட வேண்டும்: எந்த ஆணை, எந்த விதியை, எவ்வாறு மீறியது என்பதற்கு விடை கிடைக்கும்வரை தேடல் முடிவதில்லை. காரணம் அறியாமல் அறிகுறியை மட்டும் மறைக்கும் திருத்தம், வழுவை வேறோர் இடத்துக்கு நகர்த்துவதாகவே அமையும்.